எவ்வளவு மருந்து இடுவது?

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகிற பேருந்து, லோயர் கேம்ப்பைத் தாண்டி மலையேறத் தொடங்கும்போது, பெரியாற்று நீரைக் கொண்டுவரும் பெரிய இரும்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். மேற்கே ஓடிக் கடலில் கலக்கவேண்டிய தண்ணீர் அது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். 1887 இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட பெரியாறு அணைத் திட்டத்தின் மிகக் கடினமான பகுதிகளுள் ஒன்று இந்தச் சுரங்கம். நீளம் ஏறத்தாழ 5,700 அடி. அகலம் 12 அடி. உயரம் ஏழரை அடி. கர்னல் பென்னிகுயிக்கின் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் அந்தப் பாறையை அடி அடியாக உடைத்தது எது என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். அழுத்திய காற்றால் ஓடும் துளைப்பொறிகளால் பாறையில் துளையிட்டு, துளைக்குள் வெடிமருந்து கெட்டித்து வெடித்தார்கள்.

ஒரு துளைக்கு எவ்வளவு மருந்து? குறைந்தால் பாறை உடையாது. மருந்தும் உழைப்பும் வீண். மிகுந்தால் கல் சிதறி ஆளைக் கொல்லும்; சுரங்கத்தின் கூரையும் தளர்ந்துபோகும். இதே கேள்விதான் பழைய துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கிறவன் முன்னும் நின்றது. நாம் இங்கே எடுத்துக்கொள்ளப் போவது அதனினும் சிறிய ஒரு பொருளை. கருமருந்தால் இயங்கிய, தொப்பிபோன்ற 'கேப்பு' வைத்து வெடிக்கும் ரிவால்வர் அது. 1850களில் உலகெங்கும் வழங்கிய அந்த ரிவால்வரை இன்று இத்தாலியில் பிரெஷா நகருக்கு அருகிலுள்ள தொழிற்சாலைகள் அச்சு அசலாக மறுபடி செய்து விற்கின்றன. இலக்குப் போட்டிகளில் அவற்றைச் சுடுகிறார்கள். ஆறு அறைகளுள்ள அந்த உருளையில் எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு என்று தேர்ந்தெடுப்பதில் பத்தாம் வகுப்புப் பௌதிகமும் இரசாயனமும் ஏறத்தாழ முழுவதுமே வந்துவிடுகின்றன.

கருமருந்து என்பது என்ன?

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருமருந்து என்பது பாடப்புத்தகச் செய்தி. நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். கரிதான் விறகு. வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டு, தன்னுள் அடைத்துவைத்திருக்கும் ஆக்ஸிஜனைக் கரிக்குக் கொடுக்கிறது. அடுப்பு எரியக் காற்று வேண்டும். கருமருந்து எரிய வெளிக்காற்று வேண்டியதில்லை. ஆகவேதான் பாறைத் துளையிலும் குழலின் அடியிலும் மூச்சு முட்டாமல் எரிகிறது. கந்தகத்தின் வேலை, தீ எளிதில் பற்றவும் விரைவாகப் பரவவும் துணை செய்வது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். கருமருந்து 'எரிகிறது', டைனமைட்டு 'அதிர்ந்து வெடிக்கிறது'. டைனமைட்டில் வெடிப்பு அலை ஒலியைவிட வேகமாக, வினாடிக்குப் பல ஆயிரம் மீட்டர் பாய்ந்து பொருளைப் பொடியாக்கும். கருமருந்து அவ்வளவு அவசரப்படுவதில்லை. அது பாறையைப் பெயர்த்துத் தள்ளும். துப்பாக்கிக்கு இந்தத் தள்ளும் குணமே வேண்டும். டைனமைட்டைக் குழலில் இட்டால் குண்டு நகர ஆரம்பிக்கும் முன்பே குழல் சிதறிப்போகும்.

கருமருந்து எரிந்தபின் என்ன மிஞ்சுகிறது? ஆண்ட்ரூ நோபிள், பிரெடெரிக் ஏபெல் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் 1875 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகிறது. உறுதியான எஃகுப் பாத்திரத்துக்குள் மருந்தை அடைத்து எரித்து, விளைந்தவற்றை அவர்கள் நிறுத்துப் பார்த்தார்கள். நூறு பங்கு மருந்தில் சுமார் 43 பங்குதான் வாயுவாகிறது. மற்ற 57 பங்கு பொட்டாசியம் கார்பனேட்டு, சல்பேட்டு, சல்பைடு முதலிய திண்மப் பொருள்கள். குண்டைத் தள்ளுவது அந்த 43 பங்கு; கண்ணை மறைக்கும் வெள்ளைப் புகையாகவும் குழலில் படியும் கரும்பசையாகவும் ஆவது 57 பங்கு. பாதிக்கு மேல் வீண் சுமை என்று சொன்னால் தவறில்லை.

சுள்ளியும் கட்டையும்

அம்மா அடுப்பு மூட்டும்போது முதலில் சுள்ளியை வைப்பார். தீ பிடித்தபின் கட்டையைச் செருகுவார். ஒரே எடை விறகுதான். சுள்ளி சடசடவென எரிந்து முடிகிறது, கட்டை நின்று எரிகிறது. காரணம் மேற்பரப்பு. ஒரு கட்டையை எட்டுச் சம கனத்துண்டுகளாக வெட்டினால் எடை மாறாது, மேற்பரப்பு மட்டும் இரு மடங்காகும். தீ மேற்பரப்பிலிருந்து உள்ளே போவதால், மேற்பரப்பு கூடினால் எரியும் வேகமும் கூடும்.

கருமருந்தும் அப்படியே. அதை மாவாக வைப்பதில்லை. ஈரப்படுத்தி அழுத்திக் கட்டியாக்கி, உடைத்துச் சலித்து, மணிகளாகச் செய்கிறார்கள். மணிகளுக்கிடையே உள்ள சந்துகளின் வழியே தீநாக்கு ஒரு நொடியில் எல்லா மணிகளையும் தொட்டுவிடுகிறது. மாவாக இருந்தால் கெட்டித்தவுடன் இறுகிக்கொண்டு மேலிருந்து கீழாக மெல்லப் புகைந்து எரியும். ஒரு சமயம் போல் மறுசமயம் இராது. மணியின் பருமனை 'எஃப்' என்ற எழுத்தை அடுக்கிக் குறிப்பது வழக்கம். இரண்டு எஃப் பெரிய மணி. நீண்ட குழலுள்ள பெரிய துப்பாக்கிகளுக்கு. மூன்று எஃப் பொடிமணி, கைத்துப்பாக்கிக்கு. நான்கு எஃப் இன்னும் நுண்ணியது. பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியின் கிண்ணத்தில் தீ பிடிக்க வைப்பதோடு அதன் வேலை சரி.

ரிவால்வருக்கு ஏன் பொடிமணி? குழல் இருபது சென்டிமீட்டருக்குள்தான். குண்டு அதைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை மில்லி வினாடி ஆகும். அதற்குள் எரியாத மணி, குண்டுக்குப் பின்னால் தீப்பொறியாக வெளியே பறக்கும். பார்க்க அழகு, பயன் இல்லை. பீரங்கிக்கோ நேர்மாறு. அமெரிக்கப் படைத்துறையைச் சேர்ந்த ராட்மன் 1860ஐ ஒட்டி, கை அகல மருந்துக் கட்டியில் துளைகள் இட்டுப் பீரங்கிக்குப் பயன்படுத்தினார். எரிய எரியத் துளை அகன்று மேற்பரப்பு கூடும். குண்டு நகர நகர வாயுவும் மிகும். தொடக்கத்தில் குழலுக்கு அதிர்ச்சி குறைவு.

குண்டும் மும்மடியும்

நம் ஊரில் 'பன்னிரண்டு போர் துப்பாக்கி' என்பார்கள். அந்தப் பன்னிரண்டு எது என்று கேட்டுப்பாருங்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டைகள் செய்தால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாக இருக்குமோ அதுவே பன்னிரண்டு போர். எண் பெரிதானால் துளை சிறிது. 1850களில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய அதிகாரிகள் பலர் விரும்பி வாங்கிய ஆடம்ஸ் ரிவால்வர் 54 போர். பவுண்டில் 54 இல் ஒரு பங்கு 8.4 கிராம், அந்த ஈய உருண்டையின் விட்டம் 11.2 மில்லிமீட்டர். அதே காலத்தில் புகழ்பெற்ற கோல்ட் நேவி, 1851 ஆம் ஆண்டு மாதிரி, இதனினும் சிறிய துளையுடையது. அதில் செல்லும் உருண்டையின் விட்டம் 9.5 மில்லிமீட்டர், எடை 5.1 கிராம்.

விட்டத்தில் உள்ள வேறுபாடு ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். எடையிலோ மூன்றில் இரண்டு பங்கு அதிகமாகிவிட்டது. கோளத்தின் கன அளவு விட்டத்தின் மும்மடி அல்லவா? பாறை உடைப்பவர்களின் பழைய விதியும் மும்மடியே. துளையின் அடியிலிருந்து பாறையின் மிக அருகான வெளிப்பரப்பு வரையுள்ள தூரத்தை அளந்து, அதன் மும்மடிக்கு ஏற்ப மருந்தை நிர்ணயிப்பார்கள். இரண்டடிக்கு ஒரு பங்கு மருந்தென்றால் நான்கடிக்கு எட்டுப் பங்கு. 'தூரம் இரட்டிப்பு, மருந்தும் இரட்டிப்பு' என்று கணக்குப் போடுகிறவன் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

குண்டு தூய ஈயமாக இருக்கவேண்டும், காரணம் மென்மை. ரிவால்வர் உருளையின் அறை வாயைவிடக் குண்டு ஒரு நூலளவு பெரியது. குழலின் கீழ் உள்ள நெம்புகோலால் அதை உள்ளே அழுத்தும்போது, விளிம்பில் மெல்லிய ஈய வளையம் ஒன்று செதுக்கப்பட்டு வெளியே விழும். அந்த வளையம் முழு வட்டமாக விழுந்தால் குண்டு அறையை நன்றாக அடைத்துக்கொண்டது என்று பொருள். ஆன்டிமனி கலந்த கடின ஈயத்தில் இது நடவாது, நெம்புகோல்தான் வளையும்.

எத்தனை குன்றிமணி?

மருந்தை அளக்கும் அலகு 'கிரெய்ன்'. ஒரு தானியத்தின் எடை என்பது பெயரின் பொருள். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். கோல்ட் நேவியின் மறுபடிவத்துக்கு வழக்கமான அளவு 20 கிரெய்ன், அதாவது 1.3 கிராம். பத்துப் பன்னிரண்டு குன்றிமணி எடைதான். 1860 ஆம் ஆண்டு மாதிரியான கோல்ட் ஆர்மிக்குக் குண்டு 9 கிராம். மருந்து 25 முதல் 30 கிரெய்ன். உருளையின் அறை இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொள்ளும். கொள்ளும் என்பதற்காக நிரப்பவேண்டியதில்லை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் இந்த 1.3 கிராம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். ஒரு கிராம் கருமருந்து எரிந்தால் ஏறத்தாழ 3,000 ஜூல் வெப்பம் வெளிப்படும். ஆகவே 1.3 கிராமுக்கு 3,900 ஜூல். குண்டு 5.1 கிராம், வாயிலிருந்து புறப்படும் வேகம் வினாடிக்குச் சுமார் 250 மீட்டர். இயக்க ஆற்றல், எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது, சுமார் 160 ஜூல். நூற்றுக்கு நான்கு பங்கு! மீதி 96 பங்கு குழலைச் சூடேற்றவும், புகையைத் துரத்தவும், சத்தம் எழுப்பவும், உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்து வழியே சீறவும் செலவாகிறது. நீராவி ரயிலின் எஞ்சின்கூட இதைவிடச் சிக்கனமானது.

குண்டின் வேகத்தை எப்படி அளந்தார்கள்? மின்கடிகாரம் இல்லாத காலத்தில், 1742 இல், பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு வழி சொன்னார். கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதில் குண்டைச் செலுத்து. கட்டை எவ்வளவு ஊசலாடுகிறது என்று பார். குண்டின் உந்தம் முழுவதும் கட்டைக்குப் போகிறது. மேற்சொன்ன குண்டு 2.6 கிலோ கட்டையில் புதைந்தால், கட்டை வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகரும், அதனால் 1.3 சென்டிமீட்டர் உயரம் எழும். ஒரு சாதாரண அளவுகோலால் அளந்துவிடலாம்! வினாடிக்கு 250 மீட்டரை அளக்கச் சென்டிமீட்டர் கோல் போதுமென்று காட்டிய இந்த ஊசல், எளிமையில் என் மனத்துக்கு மிகவும் பிடித்த பௌதிகக் கருவிகளுள் ஒன்று. பள்ளி ஆய்வுக்கூடத்தில் கவணால் எறிந்த களிமண் உருண்டையைக் கொண்டு இதையே செய்து பார்க்கலாம்.

மருந்தை இரட்டித்தால் வேகம் இரட்டிக்குமா? ஆற்றல் இரட்டிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததால், வேகம் 1.4 மடங்குதான் ஆகும். அதிலும் ஒரு பிடித்தம் உண்டு. எரிந்த மருந்தின் எடையையும் குழலின் வழியே தள்ளியாகவேண்டும். மருந்து மிகுந்தால் அந்தச் சுமையும் மிகும். அதையும் கணக்கில் சேர்த்தால் 1.36. குட்டைக் குழலில் எரியாமல் பறக்கும் மணிகளையும் கழித்தால் இன்னும் குறையும். உதைப்போ அப்படிக் குறைவதில்லை. குண்டோடு வாயுவின் உந்தமும் சேர்ந்து பின்னோக்கிக் கையில் இறங்குகிறது. அழுத்தமும் உதைப்பும் தாராளமாகக் கூட, வேகம் மட்டும் கஞ்சத்தனமாகக் கூடுகிறது.

கோல்ட் கம்பெனியே இதைப் பட்டறிந்தது. 1847 இல் அவர்கள் செய்த வாக்கர் ரிவால்வரின் ஒவ்வோர் அறையும் 60 கிரெய்ன் கொள்ளும்; ஒரு நீளத் துப்பாக்கிக்கு இடும் அளவு. அக்கால இரும்பில் செய்த உருளைகள் பல வெடித்துப் பிளந்தன. மறு ஆண்டே வந்த டிரகூன் மாதிரியில் உருளையைக் குட்டையாக்கி 50 கிரெய்னோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்றைய மறுபடிவங்களில் நல்ல எஃகு பயன்படுகிறது. ஆயினும் சட்டம் பித்தளையாக இருந்தால், முழு அளவு மருந்தைத் தொடர்ந்து இட இட, பித்தளை மெல்ல நீண்டு, உருளைக்கும் குழலுக்கும் உள்ள சந்து அகன்றுபோகும். பித்தளைச் சட்டத்துக்குக் குறைந்த அளவே தகும்.

ரவைக்கு மேல் ரவை

குறைந்த மருந்து இட்டால் வேறொரு சிக்கல். அறையின் பாதி காலியாக இருக்கும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காற்றிடைவெளி இருக்கவே கூடாது. அழுத்தம் ஒழுங்காக ஏறாமல் திடீரென ஓரிடத்தில் எகிறி உருளையைப் பாழாக்கும். இடைவெளியில்லாமல் குண்டை ஆழத்தில் அழுத்தினாலோ, குண்டு அறைக்குள்ளேயே வெகுதூரம் வேகமெடுத்துக் குழலின் சுருள்வரிகளில் கோணலாகப் போய் முட்டும், குறி தவறும்.

இதற்குப் போட்டியாளர்கள் கண்ட வழி நம் சமையலறையில் இருக்கிறது. மருந்தின் மேல் கோதுமை ரவை! உப்புமா கிண்டும் அதே ரவைதான். அறையின் வெற்றிடத்தை அது நிரப்ப, குண்டு அறையின் வாயருகே வந்து நிற்கும். தமிழில் துப்பாக்கிச் சன்னத்துக்கும் 'ரவை' என்றே பெயர் இருப்பதால், 'ரவைக்குக் கீழே ரவை' என்று எழுதவேண்டியிருக்கிறது! ரவைக்குப் பதில் மெழுகும் கொழுப்பும் ஊறிய கம்பளித் தக்கை வைப்பவர்களும் உண்டு. அது இடத்தையும் நிரப்பும்; குழலில் படியும் கரும்பசையையும் இளக்கும்.

தக்கைக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஒரு அறை வெடிக்கும்போது சீறும் தீ, பக்கத்து அறையின் குண்டு சரியாக அடைக்காமல் இருந்தால் உள்ளே புகுந்து அதையும் வெடிக்கச் செய்யும். சில சமயம் வரிசையாகப் பல அறைகளும் வெடிக்கும். குழலுக்கு நேரே இல்லாத குண்டு எங்கே போகும்? பிடித்திருப்பவரின் விரல்களையும் சேர்த்துக்கொண்டு போகலாம். ஆகவே செதுக்கப்பட்ட ஈய வளையம், அதன் கீழ் தக்கை அல்லது மேலே கொழுப்பு, பின்புறம் காம்பில் இறுக்கமாகப் பொருந்தும் கேப்பு என்று மூன்று காவல்கள் வைக்கிறார்கள். தளர்ந்த கேப்பு விழுந்துவிட்டால் பின்வாசல் திறந்த வீடுபோல் ஆகிவிடும்.

அந்தக் கேப்பைப் பற்றியும் இரண்டு சொற்கள். சிறு செம்புத் தொப்பி. அதன் உட்புறம் அடித்தால் பற்றும் மருந்துப் பூச்சு. பாதரச பல்மினேட்டு என்ற அந்தப் பொருளை எட்வர்டு ஹோவர்டு 1800 இல் விவரித்தார். அதைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். காப்புரிமை 1807 இல். வாத்து வேட்டையில் ஈடுபட்டிருந்த அவருக்கு, சக்கிமுக்கிக் கிண்ணத்தின் புகையைக் கண்டு பறவைகள் குண்டு வருமுன் பறந்துவிடுவது பெரிய எரிச்சலாம். இன்றைய கேப்புகளில் பெரும்பாலும் ஈயச் சேர்மங்கள் இடம்பெறுகின்றன.

சிறந்த அளவு எது?

மிக வேகமான அளவே சிறந்த அளவு என்று நினைத்தால் ஏமாற்றமே. 1971 இல் உருவான சர்வதேச வாய்க்கெட்டிப்புத் துப்பாக்கிச் சங்கங்களின் குழு நடத்தும் போட்டிகளில் கேப்பு ரிவால்வருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. 25 மீட்டரில் நிற்கும் தாள் இலக்கு. அரை மணி நேரத்தில் பதின்மூன்று குண்டுகள். அவற்றுள் சிறந்த பத்து மட்டும் கணக்கு. தாளைத் துளைக்க எந்த வேகமும் போதும். பத்தும் ஒரே இடத்தில் விழவேண்டும் என்பதே தேவை. அங்கு வெல்கிறவர்கள் பலர் அறையின் கொள்ளளவில் பாதியை ஒட்டியே மருந்து இடுகிறார்கள்.

அந்த அளவைக் காண்பது ஒரு நல்ல பரிசோதனை. செய்பொருளின் குறிப்பேட்டில் தயாரிப்பாளர் தந்த மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். கையை மணல் மூட்டையில் ஊன்றி ஐந்து குண்டுகள் சுட்டு, துளைகளின் பரவலை அளப்பார்கள். பிறகு ஒரு கிரெய்ன் அல்லது இரண்டு கூட்டி மறுபடி ஐந்து. மருந்து, குண்டு, தக்கை, கேப்பு ஆகிய நான்கில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் பரவல் குறைந்ததற்கு எது காரணம் என்று யாருக்குத் தெரியும்? கூட்டிக்கொண்டே போனால் பரவல் சுருங்கிச் சுருங்கி, ஓரிடத்தில் நின்று, மறுபடி விரியத் தொடங்கும். தயாரிப்பாளரின் உச்ச அளவைத் தொடாமலே அந்த இடம் வந்துவிடுவதுதான் வழக்கம். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரு துப்பாக்கிகளுக்கும் அது வேறு வேறாக இருப்பதுண்டு.

அளப்பது கன அளவால், ஒரு சிறு பித்தளைக் குவளையால். எடைக்கல் வேண்டியதில்லை. மருந்துக் குடுவையிலிருந்து நேரே அறைக்குள் ஊற்றக்கூடாது என்பது கண்டிப்பான விதி. முந்தைய வெடிப்பின் கங்கு ஒன்று அறையில் ஒளிந்திருந்தால், குவளையில் உள்ள ஒரு கிராமோடு போகவேண்டியது, குடுவையில் உள்ள கால் கிலோவோடு போகும். பாறைத் துளையில் மருந்தைக் கெட்டிக்க இரும்புக் கம்பியைத் தவிர்த்து மரக்கோலோ செம்புக்கோலோ எடுத்ததும் இந்தப் பயத்தால்தான். இரும்பு கல்லில் உரசினால் பொறி பறக்கும்.

பள்ளத்தாக்கில் வெடிக்கும் குழல்கள்

இவ்வளவு நுணுக்கம் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் பொழுதுபோக்குக்காரர்களுக்குத்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். மேகமலையின் அடிவாரம், சுருளி, வருசநாட்டுப் பக்கம் எங்கும் திராட்சைக்கும் கரும்புக்கும் தென்னைக்கும் காட்டுப்பன்றி பெரிய தொல்லை. அதற்கென்றும் திருட்டு வேட்டைக்கென்றும் கள்ளத்தனமாகச் செய்த 'நாட்டுத் துப்பாக்கிகள்' தமிழகத்தின் மலையடிவாரங்களில் அவ்வப்போது பிடிபடுவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். இலங்கைத் தமிழர் துப்பாக்கியைத் 'துவக்கு' என்பர். அங்கே விலங்குப் பாதையில் கட்டிவைக்கும் 'கட்டுத்துவக்கு' கால்களைப் பறித்த மனிதர்கள் ஏராளம். இவை எல்லாம் வாயால் மருந்து கெட்டிக்கும் குழல்கள்தான். நாம் பார்த்த அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டவை.

ஏன் இவை அடிக்கடி வெடித்துக் கையைக் கொண்டுபோகின்றன? குழல், தண்ணீருக்கோ வேறு எதற்கோ செய்யப்பட்ட குழாய். நெடுக ஓர் இணைப்பு உள்ளது. உள்ளேயிருந்து வரும் அழுத்தம் குழாயின் சுற்றுவட்டத்தில், நீளவாக்கில் வருவதைப்போல் இரு மடங்கு இழுவிசையை உண்டாக்கும். எனவே குழாய் எப்போதும் நெடுக்காகவே பிளக்கும். இணைப்பும் அங்கேயே ஓடுகிறது! மருந்தோ, எவ்வளவு எரியும், எவ்வளவு விரைவாக எரியும் என்று யாருக்கும் தெரியாத கலவை. பட்டாசைப் பிரித்து அதன் மருந்தைக் கெட்டிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஓசைப் பட்டாசின் மருந்தில் அலுமினியப் பொடி கலந்திருக்கும். அது கருமருந்தைவிடப் பன்மடங்கு விரைந்து எரியும். அதே அளவு என்று எண்ணி இட்டால், குண்டு அசையும் முன் அழுத்தம் உச்சிக்கு ஏறிவிடும். புகையில்லா மருந்தும் இவ்வாறே. பால் வியேல் 1884 இல் கண்டுபிடித்த அந்த மருந்து, அதற்கென வார்த்த வலுவான குழலில் நல்ல பிள்ளை. கருமருந்துக் குழலில் எமன். இத்தாலிய மறுபடிவங்களின் குழலிலேயே 'கருமருந்து மட்டும்' என்று பொறித்துவிடுகிறார்கள்.

குழலின் நடுவில் சிக்கிநிற்கும் குண்டு இன்னோர் அபாயம். அதற்குப் பின்னால் காற்றிடைவெளி. மேலே சொன்ன கதைதான். குழல் அந்த இடத்தில் உருண்டையாக உப்பியோ கிழிந்தோ போகும். அக்காலத்துச் சிப்பாய் கஜக்கோலைக் குழலில் விட்டு, அது எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்த்துத்தான் குண்டு அடிவரை போனதா என்று தெரிந்துகொள்வான். பல வேட்டைக்காரர் கோலிலேயே ஒரு கோடு கீறி வைத்திருப்பார்கள்.

நம் நாட்டில் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, கருமருந்துத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். மறுபடிவம் என்பதால் விலக்கில்லை. குடகு மக்களுக்கு மரபு வழியாக உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. அது தனிச் செய்தி. கருமருந்தைச் செய்வதும் சேமிப்பதும் 1884 ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மூன்று பொருள்களைக் கலந்து பார்க்க எந்த மாணவனும் நினைக்க வேண்டாம். கலக்கும்போதும் அரைக்கும்போதும் உரசலாலும் பொறியாலும் தீப்பற்றுவது எப்படிப்பட்டது என்று சிவகாசி வட்டாரத்தில் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம்.

சுட்டு முடித்தபின்

கடைசியாக அந்த 57 பங்கு. குழலிலும் அறைகளிலும் படிந்துள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழைக்காலக் காற்றில் ஓரிரவு விட்டால் காலையில் குழலுக்குள் துரு பூத்திருக்கும். எண்ணெயால் துடைத்துப் பயனில்லை. உப்பு எண்ணெயில் கரையாதே. இதற்கு மருந்து வெறும் வெந்நீரும் சோப்பும். உருளையைக் கழற்றி, காம்புகளைத் திருகி எடுத்து, எல்லாவற்றையும் பாத்திரம் கழுவுவதுபோல் கழுவவேண்டும். அப்போது அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று எழும். பொட்டாசியம் சல்பைடு தண்ணீரோடு சேர்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடுகிறது. உங்கள் இரசாயன ஆய்வுக்கூடத்தில் வரும் அதே நாற்றம். தண்ணீர் கறுப்பு மாறித் தெளிவாக வரும்வரை ஊற்றி, வெந்நீரின் சூட்டிலேயே இரும்பு உலர்ந்தபின், எண்ணெய் பூசி எடுத்துவைக்கிறார்கள். ஆறு குண்டு சுட ஐந்து நிமிடம். கழுவ முக்கால் மணி நேரம்.